குளிர் தாங்கும் என்று ஒட்டிய சீட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, தம்பி மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதைத்தான் உன் கடிதத்தை நான்கு தடவை படித்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். உங்கள் முகாம் சமையல்காரர் பனியில் வழுக்கி மாவு மூட்டையோடு விழுந்தது, பரிசோதனைக்கு மண்ணெடுக்கத் துளை போடுகிற இயந்திரம் காலையில் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிப்பது, மலைமேல் போடுகிற அந்த ரோடு இன்னும் பதினோரு கிலோமீட்டர் பாக்கி இருப்பது, எல்லாம் இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி, 'நான் நல்லா இருக்கேன்ப்பா, எனக்கென்ன' என்று. அந்த 'எனக்கென்ன'வைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் கேட்கலாம் என்றால் அங்கே முப்பது பேருக்கு ஒரு போன், பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று ஐந்தாவது நிமிஷம் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்த கையோடு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான், இதுவரை மூன்று தடவை எழுந்துவிட்டேன்.

முதல் தடவை எழுந்தது சமையலறைக் குழாய் சொட்டுகிறதா என்று பார்க்க. சொட்டுகிறது. நான் வாஷர் மாற்றிய பிறகு முன்னைவிட நன்றாகச் சொட்டுகிறது என்று அம்மா சொல்கிறாள். இரண்டாம் தடவை தம்பியைத் திட்ட. டிரைவிங் டெஸ்டில் மறுபடியும் தோற்றுவிட்டு வந்திருக்கிறான். கேட்டால் 'ரிவர்ஸ் எடுக்கறப்போ பக்கத்துல இருந்த ஆபீசர் இருமிட்டாருப்பா, கவனம் போயிருச்சு' என்கிறான், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மூன்றாம் தடவை எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, ஜன்னல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அம்மாவுக்குத் தையல் கடையில் வேலை நெட்டி முறிக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது இல்லையா, ஊரில் உள்ள பிள்ளைகளின் கால்சட்டை எல்லாவற்றையும் இவள்தான் மடித்துத் தைக்க வேண்டும் போலிருக்கிறது, கழுத்து வலி என்று இரண்டு நாளாகத் துண்டைச் சுற்றிக்கொண்டு நடமாடுகிறாள். நீ அனுப்பிய கையுறை அவளுக்குச் சரியாக இருக்கிறது, தம்பிக்கு அனுப்பியது இரண்டும் இடது கை. அதை மாற்ற வேண்டாம், அவன் ஓட்டுகிற ஓட்டுக்கு அது போதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தோடு ஆபீசில் கொடுத்த மதிப்பீட்டுத் தாளின் நகலையும் மடித்து வைத்திருந்தாய் அல்லவா, அதில் உன் மேலதிகாரி எழுதிய கடைசி வரியின் கீழே நீயே பேனாவால் கோடு போட்டிருந்தாய். இவர் ஹார்டி, இன்னொரு குளிர்காலத்துக்கும் இவரை நம்பி அங்கே விடலாம், அணிக்குத் தலைவராகவும் போடலாம் என்று. ஓரத்தில் 'அப்பா, உங்க கடை வார்த்தை' என்று எழுதி ஒரு சிரிப்பு முகம் வேறு. பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வருஷமாகச் செடி நர்சரியில் நான் அச்சடித்துத் தொட்டி தொட்டியாக ஒட்டுகிற வார்த்தை அது. குளிர் தாங்கும், வெளியே வைக்கலாம், பயமில்லை என்று அர்த்தம். அதை ஒரு பெரிய கம்பெனிக்காரன் என் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் மறுநாள் கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் காட்டினேன். உரம் இறக்க வந்த லாரி டிரைவர்கூடப் படித்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, எனக்கு வெட்கமில்லை.

முதலாளியம்மாவிடமும் காட்டினேன். அவர் பிறந்ததிலிருந்து இங்கிலீஷிலேயே பேசி வளர்ந்தவர், நான் லேபிளில் படித்துக் கற்றுக்கொண்டவன், அதனால் இந்த வார்த்தையை மனுஷர்களுக்கும் சொல்வார்களா, மரியாதையான வார்த்தைதானா என்று ஒரு நிச்சயத்துக்காகக் கேட்டேன். தாராளமாகச் சொல்வோம், பாராட்டுத்தான், மலையில் இருக்கிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், உறைகிற ஏரியில் குளிக்கிற கிழவர்கள் எல்லோரையும் அப்படிச் சொல்வோம் என்றார். நான் சந்தோஷமாகத் திரும்பினேன். அவர் சும்மா இருந்திருக்கலாம். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, 'ஆனா ஒண்ணு, யாரும் தன்னைத்தானே அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. ஹீட்டர் பக்கத்துல நிக்கிறவங்கதான் வெளிய நிக்கிறவங்களப் பாத்து சொல்லுவாங்க' என்றார். அவர் அதைச் சொன்னதோடு மறந்துவிட்டார். எனக்குச் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி ஆகிவிட்டது.

அன்றிலிருந்து அந்த வார்த்தை யார் வாயில் வந்தாலும் என் காது அங்கே போய் நிற்கிறது. புதன்கிழமை ஒருவர் வந்து, வீட்டுக்குப் பின்னால் கழிவுநீர்க் குழாய் போகிற சந்தில் வைக்க ஹார்டியாக ஏதாவது கொடுங்கள் என்றார். வெயில் வருமா என்று கேட்டேன், தெரியாது என்றார். தண்ணீர் யார் ஊற்றுவார்கள் என்று கேட்டேன், 'அதனாலதாங்க ஹார்டியா கேக்குறேன், அந்தப் பக்கம் யாரும் போக மாட்டோம்' என்றார். பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள், நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. எங்கள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற அம்மாளிடம் மாமியார் சௌக்கியமா என்று கேட்டேன். மாமியார் எண்பது வயதில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். 'அவங்களுக்கென்ன, ரொம்ப ஹார்டி' என்றார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்து நான்கு மாதம் என்றார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே போய்விட்டு வந்ததாக மறுநாள் தானாக வந்து சொன்னார். நல்ல வார்த்தைதான், திட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்கிறவன் அந்த நொடியே திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான், அதுதான் என்னைப் படுத்துகிறது.

இன்னொரு விஷயம், உனக்கு நான் சொல்லவே இல்லை, சொல்லக் கேவலமாக இருந்தது. போன குளிர்காலத்தில் கண்ணாடிக் கொட்டகையில் இடம் போதவில்லை. நாசூக்கான செடிகளை எல்லாம் உள்ளே அடுக்கிவிட்டு, ஹார்டி என்று லேபிள் ஒட்டிய புதர்ச் செடிகள் நாற்பத்திரண்டு தொட்டியைக் கேட்டோரமாக வரிசையில் வைத்தேன், காற்று நேராக அடிக்கிற இடம். லேபிள் ஒட்டியதே நான்தான், எனக்குத் தெரியாதா. குளிர்காலம் முழுக்க இலை பச்சையாகவே இருந்தது, தினமும் கடந்து போகும்போது பார், எவ்வளவு கெட்டி என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். வெயில் வந்து மற்ற செடியெல்லாம் துளிர்விட்ட பிறகு இவை மட்டும் பத்து நாளில் பழுப்பாகிப் பொலபொலவென்று கொட்டின. தொட்டியிலிருந்து தட்டி எடுத்துப் பார்த்தால் வேர் எப்போதோ செத்திருக்கிறது. முதலாளியம்மா திட்டவில்லை, 'லேபிள் பொய் இல்ல. அது தரையில இருக்கிற செடிக்கு. சுத்தி மண்ணு இருந்தா தாங்கும். தொட்டியில வச்சா நாலு பக்கமும் குளிர் நேரா வேருக்கு வருது' என்றார். இத்தனை வருஷம் வேலை பார்த்தும் இது எனக்கு உறைக்கவில்லை பார். நாற்பத்திரண்டையும் நானே தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், சமையல்காரர் கதைக்கும் இயந்திரக் கதைக்கும் நடுவில், இடது காலில் இரண்டு விரல் மரத்துப் போனது இப்போது பழகிவிட்டது என்று ஒரு வரி வருகிறது. நான்காம் தடவை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. விரல் மரத்துப் போவது பழக வேண்டிய விஷயமா? மருத்துவரிடம் காட்டினாயா? மாதம் ஒருமுறை வருவார் என்றாயே, அவர் வந்த அன்றைக்கு நீ வழக்கம் போல மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில் நின்றிருப்பாய், அவருக்கு நேரமாகியிருக்கும், எனக்கு உன்னைத் தெரியும். அடுத்து அவர் வருகிற அன்றைக்கு முதல் ஆளாகப் போய்க் காட்டு. ஈரக் காலுறையோடு ஷூ போடாதே, இரண்டு ஜோடி வைத்துக்கொள், ஈரமானதைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக் காயவை, பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. உன் அறையில் இருந்த பெண் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்றும் எழுதியிருக்கிறாய். அவள் ஆபீசுக்கு எழுதினாள், அழுதாள், கிடைத்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீ அவளுடைய முறையையும் சேர்த்து வெளியே நின்று மண்ணெடுத்தாய், அதனால் உனக்கு இன்னொரு குளிர்காலம் கிடைத்தது. குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள் என்பார்கள், உன்னை முட்டாள் என்று சொல்லவில்லை, குனிந்தது போதும் என்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஒரு காரியம் செய்தேன், கோபப்படாதே. அந்தத் தாளின் அடியில் உங்கள் தலைமை அலுவலக நம்பர் இருந்தது. மதிய இடைவேளையில் முதலாளியம்மாவின் அறையில் இருந்து போன் போட்டேன். என்ன பேச வேண்டும் என்று பழைய லேபிள் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்தேன், நீங்கள் நினைக்கிற மாதிரி என் பெண் ஹார்டி இல்லை, அவளுக்கு விரல் மரத்துவிட்டது, அவளைக் கீழே அனுப்புங்கள் என்று. ஒரு பெண் எடுத்து, யார் சார்பாகப் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். வேறொன்றும் இல்லை, எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். என் மகள் சார்பாக என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. உன்னைக் கேட்காமல் அந்த மேலதிகாரி ஒரு சீட்டு ஒட்டினான், இப்போது உன்னைக் கேட்காமல் நான் அதைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டப் போகிறேன், அவ்வளவுதானே. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். பயந்து வைத்தேனா, யோசித்து வைத்தேனா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அன்று சாயங்காலம் வரை கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, நிழலில் வைக்க வேண்டிய செடிக்கெல்லாம் வெயில் லேபிளை ஒட்டிவிட்டு மறுபடி உரித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவள் யாருடைய கால்சட்டையையோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். 'அவ சின்ன வயசுலேயே அப்படித்தான், ஒன்பது வயசுல எட்டு மாசம் அக்கா வீட்டுல இருந்தாளே, ஒரு சொட்டு கண்ணீர் விட்டாளா, எதையும் தாங்குவா' என்று நான் எப்போதும் சொல்கிறதைச் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும், தம்பி வயிற்றில் இருந்தான், அம்மா படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், எனக்கு இந்த ஊரில் அப்போதுதான் வேலை கிடைத்து, கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. பெரிய அத்தை வீட்டில் உன்னை விட்டேன், இரண்டு வாரம் என்று சொல்லித்தான் விட்டேன். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். முதல் வருஷம் லீவு கிடையாது என்றார்கள், அத்தையும், பிள்ளை நன்றாக இருக்கிறது, வந்து கலைத்துவிடாதே என்று எழுதினாள், எனக்கும் அது வசதியாக இருந்தது. ஒரு தடவைகூட நான் வரவில்லை. அம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள், 'தாங்கினா தாங்கினான்னு இனிமே சொல்லாதீங்க. அந்த எட்டு மாசமும் அவ ராத்திரி ஷூவைக் கழட்டாமத்தான் படுத்திருக்கா. அப்பா வந்ததும் உடனே கிளம்பணும், தேடிட்டு இருந்தா பஸ் போயிரும்னு சொன்னாளாம். உங்க அக்கா அதுக்கு அடிச்சும் பாத்திருக்காங்க, கேக்கல. எனக்கு உங்க அக்காதான் சொன்னாங்க, உங்ககிட்ட சொல்ல எனக்கு மனசு வரல.'

பத்தொன்பது வருஷம் கழித்து இதைக் கேட்கிறேன். எங்கள் நர்சரியில் ஒரு வழக்கம் உண்டு, கொட்டகையில் வளர்ந்த செடி எவ்வளவு கெட்டியானதாக இருந்தாலும் நேரே கொண்டுபோய் வெளியில் வைக்க மாட்டோம். முதல் நாள் இரண்டு மணி நேரம், மறுநாள் மூன்று மணி நேரம் என்று பத்து நாள் எடுத்து வைத்து உள்ளே கொண்டுவந்துதான் பழக்குவோம், ஒரு நாள் விட்டாலும் முதலாளியம்மா கேட்பார். நாற்றுக்குப் பத்து நாள் கொடுக்கிறவன் உனக்குக் காலையில் சொல்லி மத்தியானம் பஸ் ஏற்றினேன். நீ அழாததைப் பார்த்து உன் நெற்றியில் முதலில் அந்தச் சீட்டை ஒட்டியவன் உன் மேலதிகாரி இல்லை, நான்தான். ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி உன்னையும் நம்பவைத்துவிட்டேன். அது தப்பு. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடு.

இன்னொரு குளிர்காலம் அங்கே இருக்கச் சம்மதமா என்று இருபத்தெட்டாம் தேதிக்குள் நீ ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டும். சாமான் லாரி வியாழக்கிழமைதான் மலை ஏறும், அதில் இந்தக் கடிதம் வந்தாலும் உனக்கு ஒரு வாரம் மிச்சம் இருக்கும். வேண்டாம் என்று எழுது என்று சொல்லத்தான் என் கை துறுதுறுக்கிறது. சொல்ல மாட்டேன். அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கலாம், ரோடு முடிகிற வரை இருந்து பார்க்க ஆசை இருக்கலாம், பதினோரு கிலோமீட்டர் என்று நீ எழுதியிருக்கிற விதத்தில் ஒரு கெத்து தெரிகிறது. அதற்காக இருந்தால் இரு. அவர்கள் ஹார்டி என்று எழுதிவிட்டார்களே, இனி எப்படி முடியாது என்பது என்று மட்டும் இருக்காதே. முடியாது என்று நீ எழுதினால் இந்த வீட்டில் யாருக்கும் நீ ஒரு இம்மி குறைய மாட்டாய். அம்மா இதற்குச் சாட்சி, பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எழுத்துப் பிழையும் சொல்கிறாள்.

நீ எதை எழுதினாலும் ஒன்றை நான் முடிவு செய்துவிட்டேன். முதலாளியம்மாவிடம் லீவு கேட்டு வாங்கிவிட்டேன், அடுத்த மாதம் மூன்றாம் தேதி இங்கிருந்து கிளம்புகிறேன், ரயிலில் இரண்டு நாள், ஐந்தாம் தேதி காலையில் உங்கள் லாரி கிளம்புகிற அடிவாரத்து ஊரில் இருப்பேன். நீ இறங்கி வருகிறாய் என்றால் கூட்டிக்கொண்டு வருவேன். இருக்கிறாய் என்றால் லாரிக்காரர் காலில் விழுந்தாவது மேலே வந்து, நீ எங்கே படுக்கிறாய், எங்கே நின்று மண்ணெடுக்கிறாய் என்று என் கண்ணால் பார்த்துவிட்டு, உன் விரலையும் பார்த்துவிட்டுத் திரும்புவேன். 'எதுக்குப்பா இந்த அலைச்சல், நான் நல்லாத்தானே இருக்கேன்' என்று பதில் எழுதுவாய், தெரியும், அந்தப் பதில் வந்து சேரும்போது நான் ரயிலில் இருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. அம்மாவும் நானும் மனசார உன்னை வாழ்த்துகிறோம், நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக அமைய வேண்டும், போகிற இடத்தில் எல்லாம் உன்னைக் கேட்பதற்கு நாலு பேர் இருக்க வேண்டும். தம்பி அன்பைச் சொல்லச் சொன்னான், ஸ்டேஷனுக்கு அவனே காரில் கொண்டுவந்து விடுகிறானாம், நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். விரலை டாக்டரிடம் காட்ட மறந்துவிடாதே. ஐந்தாம் தேதி வரை ராத்திரி நிம்மதியாகத் தூங்கு, நீ தயாராக இருக்க வேண்டியதில்லை, நான் வந்து காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பத்தொன்பது வருஷம் தாமதமாகக் கிளம்பி வருகிற
உன் அப்பா